நாளை வா என்ற பொத்தான்

மைனாவின் முதல் பக்கத்தில் ஒரு பெட்டி மட்டும் காலியாக இல்லை.

மைனா என்றால் பறவை இல்லை. அந்த வாரம்தான் வெளியான ஒரு புது பிரவுசர். கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தவுடன் வெள்ளைவெளேரென்று ஒரு பக்கம் வரும். அதில் இரண்டு வரிசையாகச் சாம்பல்நிறப் பெட்டிகள் இருக்கும். அவற்றுக்கு மேலே 'நீங்கள் அடிக்கடி போகும் இடங்கள்' என்று எழுதியிருக்கும். போகப் போக, நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிற பக்கங்களின் சின்னப் படங்கள் அந்தப் பெட்டிகளில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வரியைத் தமிழில் எழுதியதே சுமித்ராதான். இப்போதுதான் ஏற்றிய, இன்னும் ஓரிடத்துக்கும் போகாத பிரவுசர் எல்லாப் பெட்டிகளையும் காலியாகத்தான் காட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஆனால் கீழ் வரிசையின் கடைசிப் பெட்டியில் ஏதோ இருந்தது. கறுப்பும் பழுப்புமாக, கட்டைவிரல் நகத்தளவு ஒரு படம். கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தும் என்னவென்று தெரியவில்லை.

ஐப்பசி மழைக்காலம் அது. திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவொன்றில், செல்லியம்மா என்பவரின் வீட்டு மாடியில், ஒற்றை அறையும் அதை ஒட்டி ஒரு சமையல் இடுக்குமாக அவள் வாடகைக்கு இருந்தாள். வெளிப்பக்கம் வானம் பார்த்த படிக்கட்டு. ஏறினால் நேரே அவள் கதவு. பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் பள்ளிக்கூட வினாத்தாளும் தெலுங்கிலும் தமிழிலும் அடித்துக் கொடுப்பாள், பொழுது போய்விடும். சாயங்காலம்தான் நகராது. மலைக்குப் போகிற ஜனமும் மலையிலிருந்து இறங்குகிற ஜனமுமாகத் தெருவெல்லாம் கூட்டமாக இருக்கும். மொட்டைத்தலையும் சந்தனமுமாகக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். அத்தனை கூட்டத்தில் அவள் படியேறி வந்து கதவைத் தட்ட ஒருவர் கிடையாது. அதனால்தான் பிரவுசருக்குத் தமிழ் எழுதும் தன்னார்வக் குழுவில் சேர்ந்தாள். சம்பளம் கிடையாது, பெயர் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்தில் கைக்கு ஒரு வேலை இருந்தது, அது போதும் என்று செய்தாள்.

முதல் அனுபவத்தை நாலு வரி எழுதி அனுப்புங்கள் என்று குழுவை நடத்தும் அண்ணாதுரை சென்னையிலிருந்து கேட்டிருந்தார். நல்ல வேகம் என்று எழுதினாள். மற்ற பிரவுசரில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து கிடக்கும் தமிழ் இதில் ஒழுங்காக நிற்கிறது என்று எழுதினாள். மேலே முகவரிக் கட்டத்தில் ஓரெழுத்து அடித்தால் மீதியைத் தானே நிரப்புகிறது, புதுப் பதிப்பு வந்தால் நம்மைக் கேட்காமலே தன்னை மாற்றிக்கொள்கிறது, வீட்டில் இன்னொருத்தர் இருப்பதே தெரியாத மாதிரி சத்தமில்லாமல் இருக்கிறது என்றெல்லாம் பாராட்டி எழுதிவிட்டு, ஒரு பெட்டியில் மட்டும் ஏதோ படம் தெரிகிறதே, உங்களுக்கும் அப்படியா என்று கேட்டாள். தனக்கு எல்லாம் காலி என்று அண்ணாதுரை பதில் போட்டார். பழைய பிரவுசரின் குப்பை ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், இரண்டு நாளில் போய்விடும் என்றார்.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மேஜைக்கடியில் யு.பி.எஸ். கீச் கீச்சென்று கூவ ஆரம்பித்தது. அதன் பேட்டரி பலம் போய்ப் பல மாதம், ஒரு நிமிஷம் தாங்கினால் அதிகம். கொஞ்ச நேரம் கூவிவிட்டு அதுவும் வாயை மூடியது. மழை கூரைத் தகரத்தில் விழுகிற சத்தமும், எங்கோ ஒரு ரயில் பெட்டி இடித்துக்கொள்கிற சத்தமும் மட்டும் இருந்தன. கரண்ட் வந்து மறுபடி மைனாவைத் திறந்தபோது அது ஒரு கேள்வி கேட்டது.

'போன முறை ஒரு பக்கம் திறந்திருந்தது. அதைத் திறக்கவா?'

கீழே இரண்டு பொத்தான். இடப்பக்கம் 'திற'. வலப்பக்கம் 'நாளை வா'.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கிலத்தில் அது 'ஆஸ்க் மீ டுமாரோ'. நாளை கேள் என்றுதான் யாரும் எழுதுவார்கள். அண்ணாதுரையும் அப்போதே கேட்டார், பிச்சைக்காரனுக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று. ஆனால் வடமாலபேட்டையில் வளர்ந்தவளுக்கு, வாசலில் நின்று கேட்கிற எதற்கும் சொல்ல வேண்டிய பதில் அது ஒன்றுதான். கை தானாக அப்படி எழுதிவிட்டது.

அவள் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு வருஷம், சித்தூர் ஜில்லாவில் கதவுக்குக் கதவு எழுதியிருந்தார்கள்: ஓ ஸ்த்ரீ, ரேபு ரா. பெண்ணே, நாளைக்கு வா. இருட்டுகிற நேரத்துக்கு ஒருத்தி வருவாளாம். வீட்டு மனிதர் குரலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம். பதில் கொடுத்தாலோ கதவைத் திறந்தாலோ முடிந்தது. கதவில் எழுதியிருந்தால் படித்துவிட்டு, சரி நாளைக்கு வருவோம் என்று போய்விடுவாளாம். மறுநாளும் வருவாள், மறுநாளும் அதே எழுத்து. பேய்க்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியும், நேற்றும் இதையே வாசித்தோம் என்பது மட்டும் நினைவிருக்காது. இன்னொன்றும் சொல்வார்கள். அவள் இரண்டு வாட்டிதான் கூப்பிடுவாள். மூன்றாவது வாட்டியும் கூப்பிட்டால் அது மனிதர், பயமில்லாமல் திறக்கலாம்.

சுமித்ராவின் அம்மா கமலம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துப் பார்த்து, சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து அந்த எழுத்துகளை வரைந்தாள். நைனா, அதாவது அப்பா முனிகிருஷ்ணன், நகரியில் பவர்லூம் ஓட்டப் போய்க்கொண்டிருந்தார். ஒரு மழை நாளில் பஸ் இல்லாமல் கரும்புக் கொல்லை வரப்போடு நடந்து, இருட்டிய பிறகு வந்து கதவருகே நின்று கூப்பிட்டார். கமலா, கதவத் தொற. தம்பி ரமணா, ஐந்து வயசுப் பிள்ளை, நைனா என்று எழுந்தான். அம்மா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். இன்னொரு முறை குரல் வந்தது. அம்மா மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. விடிந்து கதவைத் திறந்தபோது நைனா வாசற்படியில் சாய்ந்து கிடந்தார், ஒரு கால் கருநீலமாக வீங்கியிருந்தது. வரப்பில் பாம்பு தீண்டியிருக்கிறது. கதவில் மழை அடித்து மற்ற எழுத்தெல்லாம் வழிந்துபோய் கடைசியில் ஒன்று மட்டும் நின்றது. ரா. வா என்று எழுதியிருக்கிற கதவைப் பார்த்துக்கொண்டே அவர் செத்திருக்கிறார்.

ஒரு பொத்தானைப் பார்த்து இத்தனையும் நினைக்க வேண்டாம் என்று தன்னையே கடிந்துகொண்டு சுமித்ரா 'நாளை வா'வை அழுத்தினாள். கேள்வி மறைந்தது. கடைசிப் பெட்டியின் படம் மட்டும் கொஞ்சம் தெளிந்தாற்போல இருந்தது.

மறுநாள் கரண்ட் போகவில்லை, கம்ப்யூட்டர் நின்றுபோகவும் இல்லை. ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தக் கேள்வி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வா என்று சொன்னவள் அவள்தானே, அது வந்தது. ஒவ்வொரு நாளும் அவள் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினாள், ஒவ்வொரு நாளும் படம் தெளிந்துகொண்டே வந்தது. முதலில் அது மரம் என்று தெரிந்தது. பிறகு பலகை என்று தெரிந்தது. பிறகு ஒரு கதவு என்றும், அதில் வெள்ளையாக ஏதோ வழிந்திருக்கிறது என்றும் தெரிந்தது. வடமாலபேட்டைக் கதவைப் பிளந்து எரித்தே எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதைப் படம் எடுத்தவர்கள் யாரும் கிடையாது. பெட்டியின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனபோது ஸ்பீக்கரிலிருந்து மழைச் சத்தம் கேட்டது. வெளியே மழை விட்டு நெடுநேரம் ஆகியிருந்தது.

ஒரு சாயங்காலம் மின்னஞ்சல் பார்க்க முகவரிக் கட்டத்தில் y என்று ஓரெழுத்து அடித்தாள். மீதியை மைனா நிரப்பியது.

yakka

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யக்கா என்று அவளை உலகத்தில் ஒருவன்தான் கூப்பிடுவான். இங்கிலீஷ் எழுத்தில், முன்னால் ஒரு y போட்டு எழுதுகிறவனும் அவன் ஒருவன்தான். அம்மா இறந்த மறுவருஷம் ரமணா குவைத்துக்கு ஏ.சி. மெக்கானிக்காகப் போனான். போன கையோடு இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைக்கச் சொன்னதும் அவன்தான், வெள்ளிக்கிழமை தோறும் இதில்தான் பேசுவான். யக்கா துன்னியா, யக்கா மழையா என்று ஆரம்பிப்பான். ஒரு வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை, அடுத்த வெள்ளியும் வரவில்லை. தங்கியிருந்த முகாமை விட்டுப் போய்விட்டான் என்று கம்பெனியில் சொன்னார்கள், மற்ற யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வருஷம் ஒன்றுக்கு மேல் ஆயிற்று. தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவள் பண்டிகை கொண்டாடவும் இல்லை, துக்கம் காக்கவும் இல்லை.

இது புது பிரவுசர், பழைய அரட்டை எதுவும் இதில் கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மறுபடி y அடித்தாள். yakka kadhava thora என்று வந்தது.

பிரவுசரை நீக்கிவிட ஒரு நிமிஷ வேலை. அம்புக்குறியை அந்த இடம் வரைக்கும் கொண்டுபோய் நின்றாள். நீக்கிவிட்டால் யக்கா என்று கூப்பிட வேறு இடமே இல்லாமல் போய்விடும். பயமாக இருந்தது. ஆனால் நைனா குரலுக்குப் பயந்துதானே கதவைத் திறக்காமல் விட்டார்கள் என்ற நினைப்பு அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. திறக்கவும் துணியவில்லை, துரத்தவும் மனசு வரவில்லை. நாளை வா. நாளை வா. அதையே அழுத்தினாள்.

அந்த மழைச் சத்தம் பொறுக்காமல் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் போட்ட மறுநாள் காலையில், கீழே தண்ணீர் பிடிக்கப் போனபோது செல்லியம்மா குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"இன்னா சுமித்ரா, உன் தம்பி வந்துக்கினாரா?"

இல்லையே என்றாள்.

"நேத்து சாய்ந்தரம் படிக்கட்டுல நின்னு யக்கா யக்கான்னு கூப்பிட்டுக்கினு இருந்தாரே. ரெண்டு வாட்டி கேட்டுது. நீ தொறக்கவே இல்ல. பாவம், மழைல அப்படி நிக்க வெக்கலாமா?"

ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, எட்டிப் பார்ப்பதற்குள் போய்விட்டார், படியெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தண்ணி மட்டும் வழிந்திருந்தது, கழுவி விட்டேன் என்றார். சுமித்ரா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

அன்று மத்தியானம் கடையில் சுண்ணாம்பு வாங்கி வந்து, விரலைத் தோய்த்து, தன் கதவின் வெளிப்பக்கம் எழுதினாள். தெலுங்கில் எழுத நினைத்து, பெட்டியில் பார்த்த அந்த வழிந்த கதவு ஞாபகம் வந்து, தமிழிலேயே பெரிதாக எழுதினாள். நாளை வா. சாயங்காலம் மைனாவைத் திறந்தாள். கடைசிப் பெட்டியில் கதவு இப்போது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. அதில் ஈரம் காயாத சுண்ணாம்பில் தமிழ் எழுத்து. படியிலிருந்து பார்த்தால் அவள் கதவு எப்படித் தெரியுமோ அப்படி. அதன் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, யாரோ நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

வலப்பக்கப் பொத்தான். அழுத்தினாள்.

அண்ணாதுரைக்குப் போன் போட்டாள். என்னவென்று சொல்வது? அந்தக் கேள்வியை எடுத்துவிட முடியுமா என்று மட்டும் கேட்டாள். அவர் தன் உற்சாகத்தில் இருந்தார். கேள்வி நல்ல வசதியாயிற்றே, எல்லோரும் பாராட்டுகிறார்கள் என்றார். சின்ன லேப்டாப்களில் பொத்தான்கள் பெரிதாகத் தெரிகின்றனவாம், அடுத்த பதிப்பில் கொஞ்சம் ஒடுக்கப் போகிறார்களாம். வார்த்தையில் கை வைக்காதீர்கள் சார், அது அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். உங்கள் வார்த்தையை யாரும் தொடவில்லை சுமித்ரா, பொத்தானின் அளவு மட்டும்தான் என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

செல்லியம்மா குடும்பத்தோடு காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பினார். பேரனுக்கு மொட்டை போட வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்று சொல்லி, கேட்டைப் பூட்டாமல் சாத்தி மட்டும் வைத்துவிட்டுப் போனார். போகும்போது அவள் கதவைப் பார்த்துவிட்டு மடமடவென்று இறங்கினார். அந்த வயசுக்காரருக்கு அந்த எழுத்து தெரியாமல் இருக்குமா?

மறுநாள் காலையில் குவைத்திலிருந்து போன் வந்தது. வடமாலபேட்டைக்காரர் சிட்டிபாபு, ரமணாவோடு ஒரே முகாமில் இருந்தவர். நம்பரைத் தேடிப் பிடிக்க இவ்வளவு நாள் ஆயிற்று என்று முதலில் மன்னிப்புக் கேட்டார். ரமணா உயிரோடு இருக்கிறான். விசா காலாவதியாகி ஜெயிலில் கிடந்திருக்கிறான். இப்போது விட்டு, விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

"மத்தியானம் மெட்ராஸ்ல எறங்கி நேரா உங்கிட்டதான் வரான்மா. கைல போன் இல்ல. நெஞ்சுல சளி கட்டி ரொம்ப மோசமா கீறான், கொஞ்சம் பார்த்துக்கோ. உள்ள கூப்பிட்டு மொதல்ல சுடு தண்ணி குடு."

போனை வைத்துவிட்டுச் சுமித்ரா அழுதாள். அழுதுவிட்டுச் சிரித்தாள். அறையைக் கூட்டி, அவன் படுக்க பாயை உதறிப் போட்டு, அரிசி களைந்து வைத்தாள். இத்தனை நாள் தன்னைப் பயமுறுத்தியது அவன் நினைப்புதான், வேறொன்றும் இல்லை என்று பால்காரரிடம்கூடச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கதவில் இருப்பதை அழித்துவிட வேண்டும் என்று நினைத்தாள். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாள். மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. பொழுது சாய்கிற முன்பே இருட்டியது.

விமானம் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் மைனாவைத் திறந்தாள். மதியமே இறங்கிவிட்டது என்று காட்டியது. அப்படியானால் பஸ் பிடித்திருப்பான். புத்தூர் தாண்டியிருப்பான், வடமாலபேட்டையைக் கடந்துகொண்டிருப்பான், நைனா இறங்கி நடந்த அதே ரோடு. எந்த நிமிஷமும் வரலாம். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யு.பி.எஸ். கூவ ஆரம்பித்தது. திரையின் வெளிச்சம் மட்டும் அவள் கையில் விழுந்தது. கேள்வி வந்தது.

'போன முறை ஒரு பக்கம் திறந்திருந்தது. அதைத் திறக்கவா?'

தினமும் செய்கிற வேலை. கை தானாக வலப்பக்கம் போனது. அழுத்திய பிறகுதான் கண் வாசித்தது.

வா.

அவ்வளவுதான் இருந்தது. காலையில் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, கேட்காமல், சத்தமில்லாமல். பொத்தான் ஒடுங்கியிருக்கிறது. ஒடுங்கிய பொத்தானில் அவள் வார்த்தை இரண்டு வரியாக உடைந்து, மேல்வரி வெளியே போய் மறைந்திருக்கிறது. தமிழ் எழுதிய இத்தனை மாதத்தில் இந்தப் பிழையை அவள் எத்தனையோ முறை பிடித்துத் திருத்தியிருக்கிறாள்.

கேள்வி மறைந்தது. வெள்ளைப் பக்கம் வந்தது. பெட்டிகள் வந்தன. கடைசிப் பெட்டி காலியாக இருந்தது.

கதவு இல்லை. அதன் முன்னால் நின்றதும் இல்லை.

கூவல் நின்றது. திரை அணைந்தது.

இருட்டு. மழை. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதலில் வாசம் வந்தது. நனைந்த சுண்ணாம்பின் வாசம், கிட்டத்தில், அறைக்குள்ளே. பிறகு காலடியில் தரை ஈரமாக இருந்தது. கூரை ஒழுகுகிற வீடு இல்லை இது. ஈரம் நகர்ந்தது. நாற்காலிக்குப் பின்பக்கமாகப் போய் நின்றது.

அப்போது கேட் திறந்தது.

படிக்கட்டில் கால் சத்தம். மெல்ல. ஒரு படிக்கு ஒருமுறை நின்று, இருமி, மறுபடி ஏறுகிற சத்தம். பையை இழுத்து வைக்கிற சத்தம். செருப்பைக் கழற்றுகிற சத்தம், இடதுகாலை முதலில் உதறுகிற அந்தப் பழக்கம். அவளுக்கு உயிர் வந்தது. ரமணா. என் ரமணா.

"யக்கா."

எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

ஒரு கை அவள் வாயைப் பொத்தியது.

ஈரமான கை. பின்னாலிருந்து. முரட்டுத்தனமே இல்லை. குழந்தையின் வாயைப் பொத்துகிற மாதிரிப் பொத்தியது. உதட்டில் சுண்ணாம்பு மணல்மணலாக உரசியது. விரல்களைப் பிடித்து இழுத்தாள். வழுக்கியது, வழுக்கிய இடத்தில் மறுபடி மூடியது. காலால் நாற்காலியை உதைத்தாள். நாற்காலி விழவில்லை. எதையோ ஒட்டி நின்றது.

"யக்கா. நான்தான். தொற."

இருமல். நெஞ்சு கிழிகிற இருமல். அது அடங்கியதும் அவன் கொஞ்சம் சிரிப்பதும் கேட்டது.

"இன்னாக்கா, கதவுல வான்னு எழுதி வெச்சிட்டு உள்ள ஒக்காந்துக்கினு கீற?"

மழை. அங்கேயும் 'நாளை'யை மட்டும் கழுவிக்கொண்டு போய்விட்டது.

கதவுக்கும் அவளுக்கும் நடுவில் பாய் அளவு இடம்தான். கையை நீட்டினாள், தாழ்ப்பாள் எட்டவில்லை. கத்தினாள், சத்தம் அந்தக் கைக்குள்ளேயே செத்தது. வெளியே அவன் முதுகு கதவில் சாய்வதும், பலகை கிரீச்சிடுவதும், அவன் மூச்சு இழுப்பதும் ஒவ்வொன்றாகக் கேட்டன.

"யக்கா, நைனாவ மாரி என்னியும் வெளியவே வெச்சிடாத."

யக்கா என்று மூன்றாவது வாட்டி. மனிதக் குரல்தான். திறக்கலாம்.

அவள் காதோரம் ஈரமாக ஒரு மூச்சு வந்தது. அது பேசியது. அவள் குரலில் பேசியது. தம்பியிடம் அவள் எப்படிப் பேசுவாளோ அந்த அன்போடு, கதவைத் தாண்டிக் கேட்கும்படி தெளிவாகச் சொன்னது.

"நாளைக்கு வாடா, கண்ணு."

வெளியே அவன் பையைத் தலைமாட்டுக்கு இழுப்பது கேட்டது.

"சரிக்கா," என்றான் ரமணா. அவன் உடம்பு கதவோடு உரசிக்கொண்டே சரிந்து படியில் படுப்பது கேட்டது. இன்னும் இரண்டு முறை இருமினான். அதற்குப் பிறகு மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது, வாயைப் பொத்திய கை எடுக்கப்படவில்லை.